விமானத்தில் பெட்டி தொலைந்தால், உடைந்தால்: நெல்லைப் பயணிகளுக்குச் சட்டம் தரும் உரிமை

மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினத்துக்காரர்கள் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்ப மூன்று வழி வைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வருவது, மதுரையில் இறங்குவது, சென்னையில் விமானம் மாறி வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் வருவது. பெட்டி தொலைந்தால் கிடைக்கக்கூடிய இழப்பீடு, டிக்கெட்டை எப்படி எடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பல மடங்கு மாறும்.

இதற்கான சட்டம் 1972ஆம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டம். வெளிநாட்டுப் பயணத்துக்கு, இந்தியா 2009இல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி பெட்டி தொலைந்தாலோ, சேதமானாலோ, தாமதமானாலோ ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர். இது 2024 டிசம்பர் 28 முதல் உள்ள அளவு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். உள்நாட்டுப் பயணத்துக்கு வரம்பு 20,000 ரூபாய்தான். நாலு பட்டுச்சேலை வைத்த பெட்டிக்கே அது காணாது. இரண்டுமே அதிகபட்சத் தொகை. தானாகக் கைக்கு வராது, இழப்பைக் காட்டித்தான் வாங்க வேண்டும். கவுண்டரில் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வரம்பு ஆளுக்குத்தான், கிலோவுக்கு அல்ல. அதனால் குடும்பமாகப் போகும்போது எல்லாப் பெட்டியையும் ஒருவர் பெயரில் போடாமல், அவரவர் பெயரில் டேக் போடச் சொல்லுங்கள்.

துபாய்–சென்னை–தூத்துக்குடி முழுவதும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், சென்னைக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவில் பெட்டி தொலைந்தாலும் அது வெளிநாட்டுப் பயணக் கணக்குதான். முதல் விமான நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசி நிறுவனத்திடமும் கேட்கலாம். விலை குறைவென்று சென்னையிலிருந்து தனி டிக்கெட் எடுத்திருந்தால், அந்தப் பகுதிக்கு 20,000 ரூபாயோடு சரி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தால் பொதுவாக முதலில் இறங்கும் இந்திய விமான நிலையத்தில்தான் சுங்கச் சோதனை. டேக்கில் தூத்துக்குடி என்றே இருந்தாலும், சென்னை பெல்ட்டில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். "நேரா ஊருக்கே போயிரும்" என்று நம்பி வந்துவிடுகிறவர்களின் பெட்டிதான் சென்னையில் தங்கிவிடுகிறது.

பெட்டி வழிமாறுவதற்குப் பழைய ஸ்டிக்கர் ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு பயணத்திலும் கைப்பிடியில் நீள டேக்கும், பெட்டியின் பக்கவாட்டில் விரலளவு பார்கோடு ஸ்டிக்கரும் ஒட்டுகிறார்கள். நீள டேக்கைக் கிழிக்கிறவர்கள் சின்ன ஸ்டிக்கரை விட்டுவிடுகிறார்கள். பிரிக்கும் இயந்திரம் அதைப் படித்தால் பெட்டி குழப்பத்தில் மாட்டும். எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். புது டேக்கில் இறங்கும் ஊரின் மூன்றெழுத்துக் குறி சரியா என்று கவுண்டரிலேயே பாருங்கள்: திருவனந்தபுரம் டிஆர்வி, மதுரை ஐஎக்ஸ்எம், தூத்துக்குடி டிசிஆர். போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் சீட்டில் உள்ள பத்து இலக்க எண்தான் உங்கள் சாட்சி. அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடைத்தட்டில் பெட்டி நிற்கும்போது நான்கு பக்கமும், உள்ளே அடுக்கியதையும் படம் எடுத்தால் இன்னும் நல்லது. வெளியே ஒட்டிய சீட்டு பிய்ந்து போகும். பெயரும் போன் எண்ணும் எழுதிய தாள் ஒன்று உள்ளேயும் இருக்கட்டும்.

கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, ஏற்கெனவே கீறிய பெட்டி, அல்வா, நெய், ஊறுகாய் வைத்த பெட்டி என்றால் சில நேரம் ஒரு தனிச் சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். சேதமானால் நிறுவனம் பொறுப்பல்ல என்பதே அதன் பொருள். படித்துப் பார்த்து, எந்தச் சேதத்துக்கு என்று குறிக்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள். துபாயில் 2017 முதல் தட்டையான பக்கம் இல்லாத உருண்டை மூட்டையை ஏற்பதில்லை. கொப்பரைத் தேங்காய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் செக்-இன் பெட்டியில் தடை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். நகை, பணம், பாஸ்போர்ட், மருந்து, சான்றிதழ் எதையும் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். விலை அதிகமான பொருளை அனுப்பியே ஆக வேண்டுமென்றால், கவுண்டரில் மதிப்பை எழுத்தில் அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்டினால் உச்சவரம்பு அந்த மதிப்பு வரை உயரும்.

பெட்டி வரவில்லையா? "அடுத்த ஃபிளைட்ல வந்துரும், நீங்க வீட்டுக்குப் போங்க" என்பார்கள். பிஐஆர் என்ற புகார்ப் படிவம் கைக்கு வராமல் வெளியே போக வேண்டாம். வரும் வழியில் நினைவு வந்து நாகர்கோவிலிலிருந்து போன் போட்டால் வேலை கனத்துவிடும். பிஐஆர் எண்ணில் விமான நிலையக் குறி மூன்றெழுத்து, நிறுவனக் குறி இரண்டெழுத்து, ஐந்து இலக்கம் இருக்கும். வீட்டு முகவரியைப் படிவத்தில் எழுதி, அங்கேயே கொண்டுவந்து தரக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், பெட்டி வரவில்லை என்று நிறுவனத்திடம் சான்று வாங்கி, சுங்க அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்குங்கள். சுங்க வரியில்லாமல் பொருள் கொண்டுவரும் சலுகையில் உங்களுக்கு மிச்சமுள்ளது, அந்தச் சான்று இருந்தால்தான் பின்னால் வரும் பெட்டிக்குக் கிடைக்கும்.

உடைந்து வந்தாலும் அதே கவுண்டர்தான். புகார் சொல்லாமல் வாங்கிச் சென்றால், நல்ல நிலையில் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். திறந்ததுபோல் தெரிந்தால் அங்கேயே எடை போடச் சொல்லி, டேக்கில் அச்சான எடையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பிஐஆரில் எழுத வையுங்கள். சக்கரம், கைப்பிடி உடைந்ததைத் தேய்மானம் என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். பெட்டியின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. புறப்படும்போது எடுத்த படம் இங்கே பேசும்.

பிஐஆர் கொடுத்ததோடு இழப்பீட்டுக் கோரிக்கை முடிந்ததாக நினைக்காதீர்கள். சேதமென்றால் பெட்டி கிடைத்த ஏழு நாளுக்குள், தாமதமென்றால் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், மின்னஞ்சல் போதும். ஞாயிறும் தீபாவளியும் அந்தக் கணக்கில் சேரும். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டியும் வராவிட்டால் தொலைந்ததாகவே வைத்துக் கேட்கலாம். உள்ளே இருந்த பொருள்களின் பட்டியல், விலை, வாங்கிய பில் ஆகியவற்றை இணையுங்கள். தாமதத்தால் வாங்கிய மாற்றுத்துணி, பெட்டியை எடுக்கத் திருவனந்தபுரம் போய்வந்த வண்டி வாடகை ரசீதையும் சேருங்கள்.

பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியில் புகார், 1915 என்ற நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஆணையம் இருக்கிறது. டிக்கெட்டுக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. நிறுவனத்தோடு மின்னஞ்சல் போய்வந்துகொண்டிருந்தாலும் அந்தக் கெடு நீளாது.