மாடல்: அளவைக் குறித்த சொல் அழகியான கதை

வேலூர் லாங்கு பஜார் பக்கம் எந்தத் தையல் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களாம்மா?" என்றுதான். 'மாடல்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் அந்த அளவு ஜாக்கெட்டில் அப்படியே இருக்கிறது. லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. அதன் குறுமை வடிவம் 'மோடுலுஸ்', அதாவது சிறிய அளவு. அது இத்தாலியில் 'மொதெல்லோ' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் கட்டடத்துக்கும் சிலைக்கும் செய்து பார்க்கும் சிறிய உருவத்தைக் குறித்தது. பிறகு ஓவியர் முன் உட்காரும் ஆளைக் குறித்தது. உடை உடுத்திக் காட்டுபவர் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இந்தப் பயணத்தில் எங்கேயும் அழகு என்ற பொருள் சொல்லுக்குள் நுழையவில்லை. 'மாடல் அழகி' என்று எழுதி அதை ஒட்டவைத்தவர்கள் நாம்தான்.

கடை வாசலில் புடவை சுற்றி நிற்கும் பொம்மைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'மேனிக்வின்' டச்சு மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'சின்ன மனுஷன்' என்பதே அதன் பொருள். பிரெஞ்சில் உயிருள்ள மாடலுக்கும் இதே பெயர்தான். பொம்மையும் ஆளும் ஒரே சொல்லில் அடங்கியதால் பொம்மைக்குரிய எதிர்பார்ப்பு ஆளின் மேலும் விழுந்தது.

அளவு ஜாக்கெட் உடம்பிலிருந்து துணிக்குப் போகிறது. மேடை மாடல் தொழிலில் இது தலைகீழ். உடை கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே ஒரே ஒரு சாம்பிள் தைக்கிறார்கள். யார் வந்தாலும் அதற்குள் புக வேண்டும். பெண்களுக்கு உயரம் 175 முதல் 180 செ.மீ., மார்பு, இடுப்பு, பின்பகுதி 34-24-34 அங்குலம் என்பது அப்படிப் பிறந்த கணக்கு. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பெண்கள் ஷூவுக்குச் சாம்பிள் பெரும்பாலும் 37ஆம் நம்பரில்தான் போடுவார்கள். ஆனால் 37 நம்பர் கால்தான் அழகான கால் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சில் கூட்டிக் குறைத்து எல்லா நம்பரும் செய்கிறார்கள்.

உடையில் அப்படிக் கூட்டிக்கொண்டே போவதில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. துணி வெட்ட வைக்கும் சிறிய அளவுத் தாளை ஒரே கணக்கில் பெரிதாக்கினால் மார்போடு ஷோல்டரும், கை இணையும் ஆம்ஹோலும் சேர்ந்து அகலமாகும். சதை கூடுகிற அளவுக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லை. அதனால் தோள்பட்டை நழுவும், கையடியில் துணி தொங்கும், டாட் எனும் மடிப்புத் தையலின் ஆழம் போதாமல் முன்பக்கம் இழுக்கும். பெரிய அளவுக்குத் தனி அடிப்படைத் தாள் வெட்டி, அதே அளவு ஆளின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கிறவர்கள்தான் 'பெரிய உடம்புக்கு இந்த டிசைன் எடுபடாது' என்பார்கள். எடுபடாதது அவர்கள் வெட்டிய தாள்.

புடவைக்கு இந்தச் சாக்குகூடக் கிடையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரணிப் பட்டோ, சாதாரணப் பூனமோ, நீளம் சுமார் 5.5 மீட்டர், அதாவது 216 அங்குலம். இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று என்று வைத்துக்கொண்டால், 34 அங்குல இடுப்புக்கு 68 அங்குலம் போகும், 44 அங்குலத்துக்கு 88. வித்தியாசம் 20 அங்குலம். ஐந்து அங்குல அகல மடிப்பு ஒன்றுக்குப் பத்து அங்குலத் துணி பிடிக்கும். ஆக, குறைவது இரண்டு கொசுவம்தான். படமெடுப்பதற்கு அதுவும் வேண்டாமென்றால், 80 செ.மீ. ஜாக்கெட் துணியை வெட்டாமல் விட்டாலே மூன்று கொசுவத்துக்குத் துணி வந்துவிடும். யாருக்கும் பொருந்துகிற உடைக்கு ஒரே வகை உடம்பைத் தேடினால் அது ரசனையின் ஒதுக்கல், தொழிலின் தேவை அல்ல.

நிறத்திலும் இதே கதை. கோடாக் நிறுவனம் வண்ணப் படம் கழுவும் கடைகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு'களில் பல பத்தாண்டுகள் வெள்ளைத்தோல் பெண்ணே இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் அதனால் விவரமில்லாமல் இருண்டன. இன்றைய கேமராவிலும் வெள்ளைப் பின்னணி முன் மாநிற முகத்தைத் தானியங்கி ஒளி அளவீட்டில் எடுத்தால் முகம் இருளும். முகத்தின் மேல் அளந்து, பக்கவாட்டில் மென்மையான விளக்கு வைத்தாலே போதும், பவுடர் தேவையில்லை. தமிழ் மரபில் 'மாமைக் கவின்' என்று மாந்தளிர் மேனியைப் பாடினார்கள். வெளிறிப்போவதற்குப் பசலை என்று பெயர், அது அழகு கெட்டதன் அடையாளம். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது 2020இல்.

சட்டம் போட்டும் விதி வைத்தும் இதைத் திருத்தியவர்களும் உண்டு. பிரான்சில் 2017 முதல் மாடலுக்கு மருத்துவச் சான்று வேண்டும், உடலைத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிடவும் வேண்டும். அதே ஆண்டு எல்விஎம்ஹெச், கெரிங் ஆகிய ஆடம்பர உடைக் குழுமங்கள் பெண் மாடல்களுக்குப் பிரெஞ்சு 32 என்ற மிகச் சிறிய அளவை விலக்கின.

இனி தமிழ்ச் சொல். பொருளுக்கு 'மாதிரி' சரி. ஆளுக்கு வைத்தால் 'அவங்க ஒரு மாதிரி' என்று அர்த்தம் கெடும். 'விளம்பர வடிவழகி' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதிலும் அழகி வந்து உட்கார்ந்துவிட்டாள். 'மாதிரியர்' என்பதே எங்கள் பரிந்துரை. ஆண், பெண், திருநர் எல்லோருக்கும் பொருந்தும். புடவை மாதிரியர், நகை மாதிரியர், கை மாதிரியர் என்று முன்னொட்டும் ஏற்கும். தைத்துப் பார்க்க நிற்பவருக்கு 'அளவு மாதிரியர்'. 'டைவர்சிட்டி'க்குப் பன்மை, 'ப்ளஸ் சைஸு'க்குப் பெரிய அளவு. பேச்சில் மாடல் என்றே சொல்லலாம், தவறில்லை.

கடை விளம்பரத்தில் 'சிவப்பான, ஒல்லியான மாடல் அழகி தேவை' என்பதற்குப் பதில் இப்படிப் போடுங்கள்: 'புடவை மாதிரியர் தேவை. ஜாக்கெட் அளவு 32 முதல் 44 வரை. எந்த நிறமும் வரலாம். அளவு ஜாக்கெட் கொண்டுவரவும்.'