வெளிநாட்டுக் கடனுதவி ஆர்டர்: கோவை பம்ப் பட்டறைகள் பணத்தை விடும் இடங்கள்

சின்ன நாடு ஒரே பெரிய நாட்டிடம் கடன் வாங்கினால், அது காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டிவரும். கேட்க இன்னொரு வாசல் இருக்கட்டும் என்றுதான் டெல்லி, எக்ஸிம் வங்கி (மத்திய அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) மூலம் கடன் தருகிறது. 2019இல் மாலத்தீவுக்கு 80 கோடி டாலர். ராஜதந்திரம் இவ்வளவு போதுங்க. நமக்கான வரி: அந்தக் கடனில் அந்த நாடு சரக்கு வாங்கப் போடும் ஒப்பந்தத்தின் தொகையில் பொதுவாக 75 சதவீதம் இந்தியச் சரக்காக, வேலையாக இருக்க வேண்டும்.

முதல் அடி இங்கேதான் விழும். கணக்கு விலையில், உருப்படி எண்ணிக்கையில் அல்ல. சோலார் பம்ப் செட் 100 ரூபாய் என்றால், சீனப் பேனலும் கண்ட்ரோலருமே 40 ரூபாய் ஆகிவிடலாம். பம்ப், மோட்டார், கேபிள் எல்லாம் பீளமேட்டுச் சரக்காகவே இருந்தாலும் இந்தியப் பங்கு 60தான். கொட்டேஷன் போடும்போதே பாகவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

அடுத்தது அவசரம். அந்த நாட்டு அரசு கையெழுத்துப் போட்டாயிற்று என்று வார்ப்படம் ஊற்ற ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒப்பந்தத்துக்கு எக்ஸிம் வங்கி எழுத்தில் ஒப்புதல் தந்தால்தான் கடனிலிருந்து பணம் வரும். "டெல்லியில் ஆள் இருக்கார், மூணு பர்சன்ட் போதும்" என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். இந்தக் கடன்களில் ஏஜென்சி கமிஷன் கிடையாது என்று ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையே சொல்கிறது. கொடுத்தால் அது உங்கள் கைக்காசு.

பெரும்பாலான பட்டறைகள் நேரடியாக டெண்டருக்குள் நுழைய முடியாது. முன்தகுதிச் சுற்றிலேயே வடிகட்டிவிடுவார்கள். பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்வதுதான் மிச்சம். எக்ஸிம் வங்கி அந்தக் கம்பெனிக்குத்தான் பணம் தரும், உங்களைத் தெரியாது. பர்ச்சேஸ் ஆர்டரில் "எங்களுக்கு வந்த பிறகு பணம்" என்று ஒரு வரி இருக்கும். குறு, சிறு நிறுவனத்துக்கு அது செல்லாது. எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி உச்சவரம்பு 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஆர்டருக்கு முன்பே இருக்க வேண்டும். தகராறு வந்தபின் ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பில்லுக்கு உதவாது.

டெலிவரி சலானில் தேதியோடு சீல் வாங்காமல் லாரியைத் திருப்பாதீர்கள். 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே 45 நாள் ஓடும். வாய்தா சொன்னால் கோவையிலேயே, இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சில் இருக்கிறது. 90 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடப்பது வேறு. அதனால் 46ஆம் நாளே மனு போட்டுவிடுங்கள்.