பென்சில் கறுப்பு ஏன் பளபளக்கிறது?

ஒரு 6பி பென்சிலை எடுத்து, தாளில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, அதை அழுத்தி நிரப்புங்கள். நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பு. அப்படியே தாளை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் கறுப்பு காணாமல் போய், அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் உலோகம் மாதிரி மின்னும். கை பட்டதும் ஈஷிக்கொள்வது, ஸ்கேன் செய்தால் வெளிறிப்போவது என்று பென்சிலில் படம் வரைபவர்களைப் படுத்தும் பல தொல்லைகளுக்கு, இந்த மின்னல் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் வேர் இருக்கிறது.

பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த குச்சி. இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் சுத்தமான கிராஃபைட் கட்டிகட்டியாகக் கிடைத்தபோது, அதை ஈயத்தின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். 1779இல் கார்ல் ஷீலே என்ற வேதியியலாளர்தான் அது கார்பன் என்று காட்டினார். கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகக் கோத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தகடுகள் அவை. ஒரு தகட்டுக்குள் இருக்கும் பிணைப்பு மிக வலுவானது. ஆனால் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி. அங்கே பிடிப்பு சொற்பம். தாளில் உரசியதும் தகடுகள் கொத்துக் கொத்தாக வழுக்கிக் கழன்றுவிடுகின்றன. (இதே கிராஃபைட்டைச் சாதாரண ஒட்டுநாடாவால் உரித்து உரித்துத்தான் 2004இல் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஓரணு கனமுள்ள கிராஃபீனைப் பிரித்தார்கள். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.)

களிமண் பின்னால் வந்து சேர்ந்தது. இங்கிலாந்துடன் போர் நடந்ததால் பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் வரத்து நின்றுபோக, நிக்கோலா-ஜாக் கான்டே மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, சூளையில் சுட்டு 1795இல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் குச்சி கடினமாகி கோடு வெளிறும். அது எச் வகை. குறைந்தால் மென்மையாகிக் கோடு கறுக்கும். அது பி வகை. 2எச் பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் கறுக்காது, தாளில் பள்ளம்தான் விழும். அந்தக் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு மேலே ஷேடிங் போட்டால், கிராஃபைட் பள்ளத்தின் அடியை எட்டாமல் பழைய கோடு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் வரைகோட்டை லேசாகப் போடச் சொல்வது இதனால்தான்.

தாளும் பார்க்கிற மாதிரி மொழுமொழுவென்று இல்லை. அது செல்லுலோஸ் நார்கள் பின்னிய மேடுபள்ளம். லேசாகத் தேய்த்தால் மேடுகள் மட்டும் கிராஃபைட்டை வாங்கிக்கொள்ளும். பள்ளங்கள் வெள்ளையாகவே இருக்கும். ஷேடிங்கில் தெரியும் புள்ளிப்புள்ளியான நயம் அப்படி வருவது. அழுத்தித் தேய்த்தால் பள்ளங்களும் நிரம்பி, தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் படுத்துவிடும். படுத்த ஒவ்வொரு தகடும் ஒரு குட்டிக் கண்ணாடி. இன்னும் கறுப்பாக்கலாம் என்று மேலும் மேலும் தேய்க்கும்போது நாம் அந்தக் கண்ணாடியை மெருகேற்றிக்கொண்டிருக்கிறோம். லேசான கையோடு பல அடுக்காகப் போவதே மேல். உண்மையான கறுப்பு வேண்டுமென்றால் கரிக்குச்சிக்குப் போய்விடலாம். கரியின் உள்ளமைப்பு ஒழுங்கற்றது, நுண்துளைகள் நிறைந்தது. உள்ளே போன வெளிச்சம் திரும்பி வருவது குறைவு. ஆனால் கரியை முதலிலேயே போட்டுவிட வேண்டும். கிராஃபைட்டின் வழவழப்பின்மேல் அது ஒட்டாமல் சறுக்கும்.

ஸ்கேனருக்கு வருவோம். சாதாரண சமதள ஸ்கேனரில் விளக்கு தாளின்மேல் சரிவாக வெளிச்சம் போடுகிறது. சென்சார் தாளை நேர் செங்குத்தாகப் பார்க்கிறது. கண்ணாடி மாதிரி எதிரொளிக்கும் வெளிச்சம் மறுபக்கமாகப் போய்விட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எல்லாத் தகடுகளும் சமமாகப் படுத்திருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். தாள்தான் மேடுபள்ளமாயிற்றே! சில தகடுகள் சரியான சாய்வில் நின்று, விளக்கின் வெளிச்சத்தை நேராக சென்சாருக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அழகாகப் போட்ட அடர்கறுப்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வருவது இவற்றால்தான். தாளை 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள், புள்ளிகள் இடம் மாறியிருக்கும். 180 டிகிரி திருப்பி இரண்டாவது ஸ்கேன் எடுத்து, படம் திருத்தும் மென்பொருளில் இரண்டையும் மேலும் கீழுமாகப் பொருத்தி, மேல் அடுக்கைப் பாதி ஒளிபுக வைத்தால் பளிச்சிடல் கணிசமாகத் தணியும். பொருத்துவது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் பெரிய கறுப்புப் பரப்பு உள்ள படங்களுக்கு அந்த மெனக்கெடல் தகும்.

அடுத்த தொல்லை, மெல்லிய கோடுகள் காணாமல் போவது. இதில் குற்றவாளி பெரும்பாலும் ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம். அது அச்சிட்ட எழுத்துக்காக ஆனது: தாளைச் சுத்த வெள்ளையாக்கு, எழுத்தைச் சுத்தக் கறுப்பாக்கு. 2எச்சில் போட்ட கன்னத்து நிழல் அதன் கணக்கில் அழுக்கு. எனவே அதை அணைத்துவிட்டு, கிரேஸ்கேலில், முடிந்தால் 16 பிட்டில் எடுங்கள். 8 பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள். 16 பிட்டில் 65,536. பிறகு கணினியில் மாறுபாட்டைக் கூட்டும்போது நிழல்கள் பட்டைபட்டையாக உடையாமல் இருக்க இந்த உபரி தேவைப்படுகிறது. 0 முதல் 255 வரையான அளவில், தாளின் வெள்ளை 255ஐத் தொடாமல் 240 பக்கத்தில் நிற்பது நல்லது. தொட்டுவிட்டால் அங்கிருந்த மெல்லிய கோடு போனது போனதுதான்.

நுணுக்கத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். அதில் ஒரு பிக்சல் சுமார் 0.04 மில்லிமீட்டர், தாளின் சொரசொரப்பே பதிவாகிவிடும். ஏ4 தாள் கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி பிக்சல் ஆகும், 16 பிட்டில் சுமார் 70 எம்பி. இதை டிஃப் கோப்பாக வையுங்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண் அவ்வளவாகக் கவனிக்காத நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தூக்கி எறிந்துதான் கோப்பைச் சுருக்குகிறது. பென்சில் ஷேடிங் முழுக்கவே அந்த நுண்ணிய ஏற்ற இறக்கம். நண்பர்களுக்கு அனுப்ப ஜேபெக் பிரதி தாராளமாகப் போதும், மூலமாக அது வேண்டாம்.

சரி, அசல் தாளை என்ன செய்வது? கிராஃபைட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வெயில் பட்டு வெளிறும் சாயம் அதில் இல்லை. கார்பன் அப்படியே இருக்கும். கெடுவது தாள். மலிவான மரக்கூழ்த் தாளில் மர நார்களை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் மிச்சம் இருக்கும், வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுக்கும். தாளில் உள்ள அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளைத் துண்டுதுண்டாக வெட்ட, தாள் மடித்த இடத்தில் ஒடியும். நீடித்து நிற்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரம், பிஎச் 7.5க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும், பின்னால் உருவாகும் அமிலத்தைச் சமன்செய்யக் கால்சியம் கார்பனேட் போன்ற காரப்பொருள் கையிருப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. பயிற்சிக்கு எந்தத் தாளும் சரி. வைத்துக்கொள்ள நினைக்கும் படத்துக்கு அமிலமற்ற தாள்.

அப்புறம் ஈஷல். மை நாருக்குள் ஊறிக் காய்ந்துவிடும். கிராஃபைட்டுக்குப் பசை எதுவும் இல்லை, வெறுமனே பள்ளங்களில் சிக்கிக் கிடக்கிறது. எதிர்ப்பக்கத் தாள் உரசினால் அதிலும் ஏறிக்கொள்ளும். படங்களுக்கு நடுவே வழவழப்பான கிளாசின் தாளோ அமிலமற்ற மெல்லிய தாளோ வைக்கலாம். பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் மென்மையாக்கிகள் கிராஃபைட்டை உறையில் ஒட்டவைக்கும். ஃபிக்ஸேட்டிவ் என்பது கரைப்பானில் கரைத்த பிசின். தெளித்தால் தகடுகளைப் பிடித்து நிறுத்தும், ஆனால் நிழல்களின் சாயலைச் சற்று மாற்றும், அதன்பின் ரப்பரும் சரியாக வேலை செய்யாது. என் பழக்கம், ஸ்கேன் எடுத்த பிறகே அதைத் தொடுவது. கரி கலந்த படங்களுக்குத் தெளிப்பேன், வெறும் பென்சில் படங்களுக்குக் கிளாசினே போதும்.

படத்தின் பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதுவதென்றால் ஓரமாக, மென்மையான பென்சிலில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறி வரக்கூடும். ஸ்கேன் கோப்பின் பெயரையும் அங்கேயே குறித்துவிட்டால் பின்னால் எது எதற்கு என்று தேட வேண்டியிருக்காது.