முகம் ஃப்ளாஷில், ராட்டினம் ஷட்டரில்

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ராட்டினத்துக்கு முன்னால் மகளை நிற்கவைத்து ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். முகம் பளிச்சென்று விழுந்தது, ராட்டினத்தைக் காணோம். ஃப்ளாஷை அணைத்தால் ராட்டினம் வருகிறது, முகம் கலங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து வராதா?”

வரும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். மகள் 2 மீட்டரிலும் ராட்டினம் 40 மீட்டரிலும் இருந்தால், ஃப்ளாஷ் ஒளியில் 400-இல் ஒரு பங்குதான் அங்கே போய்ச் சேரும். ராட்டினம் அதன் சொந்த விளக்குகளால்தான் பதிய வேண்டும். அதற்கு நேரம் கொடுங்கள்: கேமராவுக்குள் ஒளியை விடும் திரையான ஷட்டரை 1/200 நொடிக்குப் பதிலாக 1/15 நொடி திறந்து வையுங்கள்.

சரி, முகம் கலங்காதா? இங்கேதான் அழகே இருக்கிறது. கேமராவில் மாட்டும் சிறிய ஃப்ளாஷ் 1/1000 நொடியளவில் எரிந்து முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க மகள் இருட்டில் நிற்கிறாள்; பதிவதற்கு அவள் முகத்தில் வெளிச்சமே இல்லை. ஆகவே முகம் அந்த ஒரு கணத்தில் மட்டும் உறைந்து பதிகிறது. ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் ராட்டினம்தான் பிரகாசமாகும், முகம் அப்படியே இருக்கும். பஜ்ஜிக் கடை டியூப்லைட்டுக்குக் கீழே மட்டும் நிறுத்தாதீர்கள். முகம் இரண்டு முறை பதிந்துவிடும்.

ஃப்ளாஷ் அடித்ததும் ஒருவர் நகர்ந்துவிட்டால், அவர் நின்ற இடத்தில் பின்னாலுள்ள விளக்குகளும் பதிந்து உடம்பு கண்ணாடி போலத் தெரியும். வாட்ஸ்அப்பில் ‘ஆவி’ என்று சுற்றிவரும் படங்களில் இந்த வகையும் உண்டு. பள்ளிகளில் ஒரு வகுப்பையாவது ஒதுக்கி, பிள்ளைகளையே இப்படி ஓர் ஆவியைப் படம் பிடிக்கவைக்க வேண்டும் என்பேன். அப்புறம் யாரும் அவர்களைப் பயமுறுத்த முடியாது.

இன்னொன்று, அந்தக் கணம் எப்போது வருகிறது என்பது. மகள் குடை ராட்டினக் குதிரையில் சுற்றுகிறாள், குதிரையில் சின்னச் சின்ன விளக்குகள். ஷட்டர் திறந்தவுடன் ஃப்ளாஷ் அடித்தால் ஒளிக்கோடுகள் அவளுக்கு முன்னால் நீளும். குதிரை பின்னோக்கி ஓடுவது போலிருக்கும். ‘ரியர் கர்ட்டன்’ முறையில் ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்பு ஃப்ளாஷ் அடிக்கும். கோடுகள் பின்னால் இழுபட, குதிரை பாய்கிறது!

பின்னணியில் மஞ்சள் பல்புகள் என்றால் ஃப்ளாஷுக்கு ஆரஞ்சு நிற ஃபில்டர் மாட்டி, கேமராவின் நிறச் சமன் அமைப்பான ஒயிட் பேலன்ஸைப் பல்புக்கு வையுங்கள். முகம் வெளிறாது.