ரிப்போர்ட்டை மெயிலில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் எச்ஆர் வேலை பார்த்தே எனக்குப் பாதி வயசு போய்விட்டது. ஆள் எடுப்பது, பி.எஃப்., கேன்டீன் சண்டை எல்லாம் பழகிவிட்டது. இன்னும் வயிற்றைக் கலக்குவது 360 டிகிரி ரிப்போர்ட்டைக் கொடுக்கிற நேரம்தான். மேலதிகாரி, கூட வேலை செய்பவர்கள், கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கு மார்க் போடுவார்கள், அவரும் தனக்குத் தானே போட்டுக்கொள்வார், அப்புறம் அது பக்கம் பக்கமாக வந்து நிற்கும்.

முதல் வருஷம் அதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லா சூப்பர்வைசர்களுக்கும் மெயிலில் அனுப்பிவிட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். பதினாறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். குளோசிங் செக்ஷனில், அதாவது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற இடத்தில், ஹெல்பராகச் சேர்ந்து சூப்பர்வைசராக உயர்ந்த ஓர் அண்ணா இருந்தார். அவர் போனைப் பத்தாவது படிக்கிற மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "அப்பா, நீ யார் சொன்னாலும் கேக்க மாட்டியாம்" என்று அந்தப் பிள்ளை வாசித்திருக்கிறது. திங்கட்கிழமை என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் கோபமாகக்கூட இல்லை. "இன்னா மேடம், எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று அவர் ரிப்போர்ட்டுக்கு உள்ளே இருந்தது. ஒரு கருத்தில், "கலவை வண்டி கிளம்பற நேரம் பாத்துதான் ஓ.டி. சொல்றாரு" என்று எழுதியிருந்தது. கலவை என்பது ஓர் ஊர், அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களின் வண்டி அது; ஓ.டி. என்றால் ஓவர்டைம். எழுதியவர் பெயர் இல்லைதான். மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் சொன்ன குழுவின் சராசரியைத் தனியாகக் காட்டக்கூடாது என்ற வழக்கத்தையும் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தோம். ஆனால் அவர் லைனில் கலவை வண்டியில் வருகிற பெண்கள் இரண்டே பேர். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒருத்தி செக்ஷன் மாற்றித் தரச் சொல்லி என் முன்னால் நின்றாள்.

பின்னூட்டம் கொடுத்தாலே ஆள் திருந்திவிடுவார் என்று நாம் நம்புகிறோம். 1996ல் க்ளூகர், டெனிஸி என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக நன்மைதான், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் வேலை முன்னைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு "என்னைப் போய் இப்படிச் சொல்லிட்டாங்களே" என்று தன்மேலேயே திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நான் அதைக் குளோசிங் செக்ஷனிலேயே பார்த்துவிட்டேன்.

இப்போது கருத்துகளை முதலில் நானே உட்கார்ந்து படிக்கிறேன். வண்டி, ஊர், தேதி, அந்த ஆளுக்கே உரிய பேச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் வைப்பேன். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம், காகிதத்தில். கொடுப்பது செவ்வாய் அல்லது புதன் காலையில், லைனிலிருந்து பார்த்தால் தெரிகிற கண்ணாடி கேபினில் இல்லாமல் தனி அறையில். அவர் படிக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை (எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்). "யார் எழுதினது?" என்று நிச்சயம் கேட்பார்கள். சொல்ல மாட்டேன், ஊகிக்கவும் விடமாட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்து, எதை மாற்றலாம் என்று ஒன்றே ஒன்றை அவரே எடுக்கட்டும். இன்கிரிமென்ட் பேச்சை அந்த அறைக்குள் கொண்டுவந்தால் எல்லாம் பாழ்.

மார்க்கைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் பக்கம் சூப்பர்வைசருக்கு ஐந்துக்கு மூன்று போட யாருக்கும் கை வராது. அதனால் மற்றதெல்லாம் 4.8 இருக்கும்போது ஒன்று மட்டும் 4.1 என்றால் அது நல்ல மார்க் இல்லை, அங்கேதான் ஏதோ இருக்கிறது. அவர் தனக்குப் போட்டதற்கும் மற்றவர்கள் போட்டதற்கும் இடைவெளி எங்கே பெரிசு என்று பார்த்துப் பேச்சை அங்கிருந்து தொடங்குவேன்.

அந்த அண்ணா இப்போது ஓ.டி. இருந்தால் மத்தியானமே சொல்லிவிடுகிறார். கலவைப் பெண் ஃபினிஷிங்குக்கு மாறிவிட்டாள். பார்த்தால் சிரிப்பாள், ஃபார்ம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு, கருத்து எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டுத் திருப்பித் தருகிறாள்.