வயது வந்தபின் தெரியவரும் ஏடிஎச்டி: முதல் சில மாதங்கள்

பெரியவர்களுக்கு ஏடிஎச்டி இருப்பது எங்கள் தஞ்சைப் பக்கம் பெரும்பாலும் பிள்ளைகள் மூலமாகத்தான் வெளியே வருகிறது. டீச்சர் சொன்னார் என்று பையனை அழைத்து வருவார்கள். ஒரு இடத்தில் உட்கார மாட்டான், எழுதுவதைப் பாதியில் விட்டுவிடுவான், டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வருவான் என்று அம்மா சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் இருக்கும் அப்பா மெதுவாகக் கேட்பார்: “இதெல்லாம் எனக்கும் இருந்துச்சே டாக்டர். இப்பவும் இருக்கே?”

நல்ல கேள்வி அது. ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, பரம்பரையாக வரும் வாய்ப்பு மிக அதிகம் உள்ள ஒன்று.

பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், 38 வயது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) நடவுக்கு ஆள் திரட்டுவது, மழை வரும்போல் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அறுப்பு மெஷினைப் பிடித்து வருவது, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குக் காவல் கிடப்பது என்றால் ஊரே அவரைத்தான் கூப்பிடும். ஆனால் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்ட வேண்டும். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் சான்று) வாங்கி, சிட்டா, ஆதார், பாஸ்புக் நகலோடு கெடு தேதிக்குள் கொடுக்க வேண்டும். அடங்கலை வாங்கியும் விட்டார். அந்தத் தாள் பைக் சீட்டுக்கு அடியில் வாரக்கணக்கில் கிடந்தது. அந்த வருஷம் வயல் மூழ்கியது. “பொறுப்பு இருக்கிறவன் செய்யிற வேலையா இது?” என்று அவர் அப்பா கேட்டதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

பொறுப்பு இல்லாதவர் இல்லை அவர். அவசரமும் ஆள் கூட்டமும் இருந்தால் ஏடிஎச்டி உள்ளவர்களின் மூளை சுறுசுறுப்பாக இயங்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடிய, சலிப்பான வேலை என்றால் நகராது. டோபமின், நார்அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருட்களின் செயல்பாடு இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: மேட்டூரில் தண்ணீர் இருக்கிறது, திறந்தும் விட்டாயிற்று, ஆனால் கடைமடைக்கு வேண்டிய நேரத்தில் வந்து சேரவில்லை. அறிவு குறைவு என்று இதைச் சொல்ல முடியாது.

இதற்கு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. விரிவாகப் பேசித்தான் கண்டறிகிறோம். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறைப்படி, 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் கவனக்குறைவிலோ மிகையியக்கத்திலோ குறைந்தது 5 அறிகுறிகள் இருக்க வேண்டும்; அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முப்பது வயதில் திடீரென்று கவனம் சிதறுகிறது என்றால் தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், குடி ஆகியவற்றை முதலில் பார்ப்போம். ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தனக்கும் இருக்கிறது என்று தானே முடிவு கட்டிக்கொள்வது வேண்டாம்.

பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகத் தெரிகிறது. வகுப்பில் ஓடியாடாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த பெண்ணை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் சிக்கல். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, பிள்ளையின் ஃபீஸ் தேதி தாண்டிவிடுகிறது, போட்ட காபி குடிக்க மறந்து மூன்று இடத்தில் ஆறிக் கிடக்கிறது. ‘பொறுப்பில்லாதவள்’ என்று பட்டம் கொடுக்க மாமியார் தயாராக இருப்பார். அந்தப் பெண்ணும் தன்னைத் தானே திட்டிக்கொண்டே பல வருஷம் ஓட்டியிருப்பார்.

பெயர் தெரிந்ததும் வருவது நிம்மதி. அது சில நாள்தான். அப்புறம் வருவது துக்கம். ‘பன்னிரண்டாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தால்?’, ‘அந்த வேலையை விட்டிருக்க மாட்டேனே?’ என்று பழைய கணக்கெல்லாம் எழும். அடித்த அப்பா மேலும் ஏளனம் செய்த வாத்தியார் மேலும் கோபம் வரும். இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடக்கச் சொல்லாதீர்கள். அழட்டும், பேசட்டும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த மாதங்களில் வேலையை விடுவது, நிலத்தை விற்பது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளை ஒத்திப்போடுங்கள். வீட்டாருக்கு நான் சொல்வது வேறு. சாக்குச் சொல்கிறான் என்று பேசாதீர்கள். கட்டாத காப்பீட்டுக்கான நஷ்டம் அவருடையதுதான், அதை அவரும் மறுக்கவில்லை. அடுத்த வருஷம் எப்படிக் கட்டுவது என்பதைத்தான் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

மாத்திரை பலருக்கு நன்றாக உதவுகிறது. மீதைல்ஃபெனிடேட் எடுத்த அன்றே வித்தியாசம் தெரியலாம். அடோமாக்ஸெட்டினுக்குச் சில வாரம் பொறுக்க வேண்டும். இரண்டுக்கும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, பசி, தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பையனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை அப்பா போட்டுப் பார்ப்பது நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இதயக் கோளாறு இருந்தால் அது ஆபத்தாக முடியலாம்.

மாத்திரையோடு ஏற்பாடுகளும் வேண்டும். நினைவில் வைக்க வேண்டியதைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த விவசாயி வீட்டில் இப்போது அடங்கல், சிட்டா எல்லாம் வாசல் நிலைப்படிக்குப் பக்கத்து ஆணியில், ஒரே துணிப்பையில் தொங்குகின்றன. காப்பீடு கட்டக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் நாளை அவர் மச்சான் முடிவு செய்து, கூடவே போகிறார். இன்னொருவர் கடைக் கணக்கு எழுதும்போது அவருடைய அத்தை பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை; ஆள் இருந்தாலே வேலை முடிந்துவிடுகிறது. நாள் முழுக்க ‘செஞ்சியா, செஞ்சியா’ என்று கேட்பதைவிட இது பல மடங்கு பலன் தருகிறது. கேட்டுக் கேட்டு மனைவியே அம்மா ஸ்தானத்துக்குப் போய்விடும் வீடுகளில் இருவருமே சோர்ந்துபோகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். டாக்டரைப் பார்க்க வரும்போது பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்து வாருங்கள். உங்களைச் சின்ன வயதில் பார்த்த அம்மாவோ அக்காவோ கூட வரட்டும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரை தருவது என்று முடிவு செய்ய அது தெரிந்தாக வேண்டும்.