எல்லை தாண்டாத வண்டியும் முடிவடையாத குற்றமும்

"வண்டி கோட்டைவாசலைத் தாண்டவே இல்லையே ஐயா, பிறகு எப்படிக் கேஸ் போட்டாங்க?" கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு முன்னுள்ள புளியரை சோதனைச்சாவடியில் மகன் ஓட்டிவந்த வண்டி பிடிபட்ட மறுநாள், செங்கோட்டையில் வழக்கறிஞரான என்னைத் தேடி வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். கேள்வி தவறானதன்று. ஆனால் குற்றம் முடியவில்லை என்பதாலேயே வழக்கு நிற்காது என்று நம்பி, முதல் சில நாட்களை அவர்கள் வீணாக்கிவிடுவதுதான் என் கவலை.

எண்ணம், ஆயத்தம், முயற்சி, நிறைவேற்றம் என்று குற்றத்தைச் சட்டம் படிப்படியாகப் பார்க்கிறது. மனத்தில் நினைத்ததற்குத் தண்டனை இல்லை, ஆயத்தத்துக்கும் பொதுவாக இல்லை, முயற்சிக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 511), தனியாகத் தண்டனை சொல்லப்படாத முயற்சிகளுக்கு, அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சச் சிறைக்காலத்தில் பாதிவரை விதிக்க இடமளிக்கிறது. நகை இருக்கும் என்று பெட்டியை உடைத்தவன், அது காலியாக இருந்தாலும் முயற்சிக் குற்றவாளியே என்பது அந்தப் பிரிவே தரும் எடுத்துக்காட்டு.

ஆயத்தம் எங்கே முடிந்து முயற்சி எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எங்கள் பகுதி வழக்குகளின் உயிர் இருக்கிறது. பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு அனுமதியின்றி நெல் ஏற்றிச் சென்ற லாரி, எல்லைக்கு 14 மைல் முன்னதாகவே சமால்காவில் நிறுத்தப்பட்ட மல்கியத் சிங் வழக்கில், அவர்கள் வழியிலேயே மனம் மாறித் திரும்பியிருக்கக்கூடும் என்று கூறி, அது ஆயத்தம் மட்டுமே என 1968இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் பம்பாய்க்கு வடக்கே கழிமுகக் கரையில் இரவில் வெளிநாட்டுக்குக் கடத்துவதற்காக வண்டியிலிருந்து வெள்ளிக்கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது இயந்திரப் படகின் ஓசையும் கேட்ட முகமது யாகூப் வழக்கில், அதே நீதிமன்றம் 1980இல் அதை முயற்சி என்றது. தூரம் மட்டுமே அளவுகோல் அன்று. அந்தச் செயல் எதை நோக்கியது என்பதில் ஐயத்துக்கு இடம் இருந்ததா என்பதும் பார்க்கப்படுகிறது.

முதல் தீர்ப்பைக் கேள்விப்பட்டு ரேஷன் அரிசி வழக்கிலும் அதையே நம்புபவர்கள் உண்டு. அது பயன்படாது. பொது விநியோக அரிசியைச் சட்டவிரோதமாக வாங்குவதும் பதுக்குவதும் அந்த இடத்திலேயே நிறைவடைந்துவிடும் குற்றங்கள். எல்லைக்கு அங்கே வேலையே இல்லை. தவிர, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின்கீழ் அரசு பிறப்பித்த ஆணையை மீற முயன்றவரையும் உடந்தையாக இருந்தவரையும் மீறியவராகவே கருதுகிறது.

போதைப்பொருள் சட்டம் இன்னும் கடுமையானது. வணிக அளவு, அதாவது கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல், தொடர்புடைய குற்றத்துக்கு ஆயத்தம் செய்வதே 30ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது: 5 முதல் 10 ஆண்டுகள்வரை கடுங்காவல். வாடகைக்கு வண்டி ஓட்டும் இளைஞர்களில் பலருக்கு இது தெரியாது. குற்றம் செய்ய இருவர் உடன்பட்டாலே சதி நிறைவடைந்துவிடும் என்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு குரல்பதிவு அந்த உடன்பாட்டுக்குச் சான்றாகலாம் என்பதும் தெரியாது.

இத்தகைய வழக்கு கைக்கு வந்தால் நான் முதலில் படிப்பது மகஜரைத்தான், அதாவது பறிமுதல் செய்தபோது சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பதிவை. வண்டி எந்த இடத்தில், எந்தத் திசை நோக்கி நின்றது, எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது என்ற மூன்று வரிகள் ஆயத்தமா முயற்சியா என்பதைத் தீர்மானித்துவிடலாம். ஆகவே பிள்ளை நிரபராதி என்று என்னிடம் வாதிடுவதற்கு முன், சரக்கு ஏற்றிய ரசீது, பெர்மிட், சுங்கச்சாவடிச் சீட்டு, அவன் கடைசியாகப் பேசிய எண்ணும் நேரமும் ஆகியவற்றை அன்றைக்கே எடுத்து வாருங்கள்.